மூன்றாவது முடி

காட்டு ஈக்களில் இரண்டு இனம் உண்டு, பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. இறக்கைக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்று முடி இருந்தால் அரிய ஈ. இரண்டு என்றால் எங்கும் மொய்க்கிற ஈ.

ஆட்கள் அனுப்பும் படங்களைக் கணினியில் பெரிதாக்கி இனம் சொல்வது, ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த வேலை. பதினோராயிரம் படம் பார்த்தாயிற்று. அதில் நாற்பது ஈ என்னைக் கண்டதும் திரும்பி உட்கார்ந்துகொண்டன.

போன மாதம் ஒரு வேன் ஓட்டுநர், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள மரக்கூட்டத்தில் எடுத்த படத்தை அனுப்பினார். எண்ணினேன், மூன்று. அரிய ஈ என்று வனத்துறைக்கு எழுதிக் கொடுத்தேன். வண்டி நிறுத்துவதற்காக அறுபது மரத்தை வெட்டவிருந்தவர்கள் ரம்பத்தைக் கீழே வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மரங்களை வெட்டக் கூடாது என்ற இறுதி உத்தரவில் வன அதிகாரி கையெழுத்துப் போடுவதாக இருந்தது. காலையில் படத்தை மறுபடி திறந்து வைத்தேன். என் மனைவி ஈரத்துணியால் திரையைத் துடைத்தாள். மூன்றாவது முடி துணியோடு போய்விட்டது.

“என்ன பண்ணினே?”

“உங்க மீசை முடி ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு. ஏன், திரும்ப ஒட்டணுமா?”

ஒரு மாதமாகவா ஒட்டியிருக்கும் என்று கேட்பீர்கள். என் மீசை அப்படிப்பட்டது. வீட்டுச் சாவியை அதில் தொலைத்து ஒரு வாரம் தேடியிருக்கிறேன்.

மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து யோசித்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் மரங்கள் தப்பிக்கும். ஆனால் அதற்கப்புறம் எந்த ஈயின் முகத்தில் முழிப்பேன்? இரண்டரைக்கு அதிகாரிக்கு போன் போட்டேன்.

“சார், ஒரு முடி குறையுது.”

“வயசானா அப்படித்தான் ஐயா.”

“எனக்கில்ல சார், ஈக்கு.”

“அப்ப அது சாதாரண ஈன்னு உறுதியா சொல்றீங்களா?” என்றார்.

“அதுவும் முடியாது சார். ஈக்கும் முடி உதிரும். படத்துல அந்த இடம் மங்கலா இருக்கு.”

“அப்ப ஈயையே பிடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் மரத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க.”

அன்றிலிருந்து வலையோடு மரக்கூட்டத்துக்குப் போகிறேன்.

“மாட்டுச்சா?” என்பாள் மனைவி.

“காத்து சரியில்ல.”

“நேத்து வெயில் சரியில்ல. அந்த ஈக்கு உங்களைவிட நல்ல நேரம்.”

இன்று காலை ஒரு ஈ பறந்து வந்து என் முழங்காலில் உட்கார்ந்தது, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. பூதக்கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. கை பாதி தூரம் போய் நின்றது. ஈ அசையவில்லை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பையில் போட்டுக்கொண்டேன்.

முழங்காலில் இப்போது ஒரு கறுப்புப் புள்ளி. அது போவதாகத் தெரியவில்லை.