பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் உருவம்

செவ்வாய்க்கிழமை நாளிதழில் வந்த படத்தொடரில், மனைவி தன் கணவனின் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வரைந்தவளுக்கு அது கணவன்தான். படித்தவர்களுக்கு அது பக்கத்து வீட்டுக்காரர்.

"நிறைய பேர் எழுதியிருக்காங்கம்மா," என்றார் பக்க ஆசிரியர். "குடும்பத்தோட படிக்கிற பேப்பராம். ஒருத்தர் மட்டும் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்றார்."

அவள் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். வானிலைச் செய்திக்கு இடம் விடுவதற்காக அந்த வாரம்தான் தொடரைச் சிறிதாக்கியிருந்தார்கள். அவள் கதையில் இரண்டு ஆண்கள். இருவருக்கும் வயிறு, இருவருக்கும் வழுக்கை. கணவனுக்கு மீசை, பக்கத்து வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடி. தாளில் அச்சாகும்போது மை பரவி, மீசையும் கண்ணாடியும் ஒரே கறையாகியிருந்தன. மனைவி ஏதோ ஒரு கறைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள யாராவது ஒருத்தரை மாத்திக் கொடுங்க. இல்லேன்னா அந்த இடத்துக்குக் குறுக்கெழுத்துப் புதிர் வந்துடும். அதுல யாரும் யாருக்கும் முதுகு தேய்க்கறதில்ல."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அக்கா வீட்டில் அவளுக்கென்று இருந்த அறை முன்பு துணி மடித்து வைக்கும் அறை. துணிகளோடு துணியாக அவளும் இருந்தாள். தொடர் வெளிவரத் தொடங்கிய பிறகுதான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்கள். தொடர் போனால் மறுநாளே துணிக்கூடை உள்ளே வந்துவிடும். தட்டாமல்.

புதிதாக யாரை வரைந்தாலும் முதலில் உடம்பு முழுவதையும் கறுப்பாகப் பூசிவிடுவது அவள் வழக்கம். அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, கூடத்தின் மறுகோடியிலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்வாள். வெறும் வடிவத்தை வைத்தே ஆள் யாரென்று தெரிந்தால்தான் கண்ணும் மூக்கும் வைப்பாள். பார்க்கும் வேலை அத்தானுடையது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவருக்கும் அச்சு மைக்கும் ஒரே பார்வை.

தொடரின் கணவன் அத்தானைப் பார்த்து வரைந்த ஆள்தான். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். தொடரில் கணவன் திட்டு வாங்கிய மறுநாள் மேலதிகாரி அவரிடம், "நேத்து நல்லா மாட்டிக்கிட்டீங்க போல" என்று விசாரித்தார். "வீடுன்னா நாலும் இருக்கும் சார்" என்று அத்தான் பதில் சொன்னார்.

அவள் பக்கத்து வீட்டுக்காரரை ஒல்லியாக்கி, கறுப்புப் பூசி, ஒட்டினாள்.

"யாரு அத்தான் இது?"

"நான்தான்."

"ஒல்லியா இருக்கே."

"கல்யாணத்தப்ப இப்படித்தான் இருந்தேன்."

"எந்தக் கல்யாணத்தப்ப?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

அவள் தொப்பி வைத்த ஒருவரை ஒட்டினாள்.

"இதுவும் நான்தான்."

"தொப்பி இருக்கே அத்தான்."

"வெயில்ல போட்டுக்குவேன்."

சரிபார்ப்பதற்காகக் கொண்டை போட்ட மனைவியையே ஒட்டினாள். அத்தான் தலையைச் சாய்த்து யோசித்தார்.

"நான்தான். பின்னாடி யாரோ ஒளிஞ்சு நிக்கிறாங்க."

"அது கொண்டைங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் அக்கா. "ஏண்டி, இவரை நம்பியா பேப்பர் நடத்தறீங்க?"

முதல் தாள்தான் பக்கத்து வீட்டுக்காரர் என்று அவள் சொன்னதும் அத்தான் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அவனை ஒல்லியாக்கப் போறியா?"

"ஆமா அத்தான்."

"அந்தப் பக்கம் சிக்குனு ஒருத்தன். இந்தப் பக்கம் பீப்பா மாதிரி நான். நடுவுல அவ. நீயே சொல்லும்மா, நல்லாவா இருக்கு?"

"அவ அப்படிப்பட்டவ இல்ல அத்தான்."

"அவளை யாரு சொன்னா? நான் அவனைச் சொல்றேன்."

"அப்ப உங்களை ஒல்லியாக்கட்டும்," என்றாள் அக்கா. "பேப்பர்லயாவது பாத்துக்கறேன்."

"ஆபீஸ்ல என்னை அடையாளம் தெரிய வேண்டாமா?"

அத்தான் ஒல்லித் தாளைக் கதவிலிருந்து உரித்து எடுத்தார்.

"முதல்ல அவன் எதுக்கு எங்க வீட்டுக்குள்ள வரணும்? அவன் வீட்ல கிடக்க வேண்டியதுதானே?"

அது சரிதான் என்று அவளுக்குப் பட்டது. பிறகு அறைக்குப் போய் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில் சுவரை வரைந்தாள். சுவருக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரின் தலை மட்டும். வயிறு இருவருக்கும் பொது என்பதால் ஒருவருடைய வயிறு சுவருக்குப் பின்னால் போயிற்று. வழுக்கையும் பொதுதான். அதனால் இவருடைய உச்சியில் மூன்று முடிகளை நட்டுக்குத்தாக நிறுத்தினாள். கறுப்புப் பூசி ஒட்டினாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஆளு," என்றார்.

நான்தான் என்று அவர் சொல்லாத முதல் படம் அது. மை காய்வதற்குள் அவள் பத்திரிகை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

பக்க ஆசிரியர் தாளைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தார். "இனிமே இவர் அந்த வீட்டுக்குள்ள வரவே மாட்டாரா?"

"மாட்டார் சார்."

"முதுகு வலிச்சா?"

"இனிமே அவருக்கு முதுகே கிடையாது சார்."

குறுக்கெழுத்துப் புதிர் தன் பழைய பக்கத்திலேயே இருந்தது.

வியாழக்கிழமை சுவர் அச்சில் வந்தது. அத்தான் அதை இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, இவன் ஏன் எப்பப் பாத்தாலும் எங்க வீட்டையே எட்டிப் பாக்கறான்?"

"சுவருக்குப் பின்னாடி இருக்கறவர் வேற என்ன அத்தான் செய்வார்?"

"சுவரைக் கொஞ்சம் உசத்து."

"பேப்பர்ல இருக்கறவளுக்கு இவ்வளவு காவலா?" என்றாள் அக்கா. "திங்கக்கிழமை இருட்டற வரைக்கும் நான் வீட்ல இல்ல. எங்க போனேன்னு கேட்டீங்களா?"

"கடைக்குத்தானே போன?"

"அதைக் கேக்கறதுக்கு என்ன?"

அத்தான் பக்கத்தைப் புரட்டி வானிலையைப் படித்தார்.

அவள் சுவரை உயர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கும் கண்ணாடியும் மறைந்து, கொஞ்சம் நெற்றியும் மூன்று முடியும் மிஞ்சின. மை மிச்சம் என்று பக்க ஆசிரியர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார். அது வெளியான காலையில் அத்தான் நாளிதழைக் கூடத்தின் மறுகோடியில் நிமிர்த்தி வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்.

"இப்பவும் பாக்கறான்."

"கண்ணே தெரியலயே அத்தான்."

"அந்த முடியே சொல்லுதே."

உருவம் சரியாக அமைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அவள் சுவரை உயர்த்தவில்லை.