முதலில் பார்த்தவன்

காலை எட்டரை மணிக்கு, நகத்தீவுக்கு இன்னும் அரை மைல் இருக்கும்போது, லுவான் அதைப் பார்த்துத் தொலைத்தான். படகு ஓட்டுகிறவன் முன்னால் பார்த்து ஓட்ட வேண்டியதுதானே, இடது பக்கம் அவனுக்கு என்ன வேலை? ஆனால் கடலில் வளர்ந்தவனின் கண் சும்மா இருக்காது. இரண்டு ஆள் நீளத்துக்கு ஒன்று, வெளுத்த வயிறு மேலே தெரிய, மெதுவாக மிதந்து போனது. அலை தூக்கிய ஒரு கணம் வாலும் தெரிந்தது.

பெரியவர். ஆன் தோய் துறைமுகத்தில் திமிங்கிலத்தை வேறு எந்தப் பெயராலும் சொல்ல மாட்டார்கள். புயலில் கவிழப்போகும் படகுக்கு முதுகு கொடுத்துக் கரைசேர்ப்பவர் அவர். லுவானின் அப்பாவே அப்படிப் பிழைத்து வந்தவர்தான், அதற்குப் பிறகு பிறந்தவன்தான் இவன். அந்தப் பெரியவர் இறந்து மிதந்தால், முதலில் பார்க்கிறவன் அவருக்கு மூத்த மகன். கரைக்குக் கொண்டுவந்து, தலையில் வெள்ளைத் துணி கட்டி, அவருக்கென்றே உள்ள கோயிலில் அடக்கம் செய்து, பெற்ற அப்பனுக்கு இருப்பது போல மூன்று வருடம் துக்கம் காக்க வேண்டும். இந்தப் பேறு ஆயிரத்தில் ஒருவனுக்குத்தான் கிடைக்கும் என்று கிழவர்கள் உருகுவார்கள். துக்கம் இருக்கும் வீட்டில் கல்யாணம் கூடாது. கிழவர்களுக்கு அதனால் என்ன நஷ்டம்?

லுவானுக்கு இன்னும் ஐந்து நாளில் கல்யாணம்.

அதுவும் சாதாரணமாக வந்த கல்யாணமா? துயெனைப் பெண் கேட்டு வெற்றிலை பாக்குத் தட்டு போன மறு மாதமே அவன் அப்பா காலமானார். மூன்று வருடம் போனது. துக்கம் கழிந்தால், பெண்ணுக்கு இது ஆகாத வயது என்று ஜோசியர் கையை விரித்தார். இன்னும் ஒரு வருடம் போனது. இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. போன மாதம் நாள் குறித்தபோது துயென் அவனிடம் சிரிக்காமல் சொன்னாள், "இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா என்னைத் தேடாதே. நான் சைகோனுக்கு வேலைக்குப் போயிடுவேன்." சொன்னால் செய்கிறவள்.

அந்தத் துயென்தான் இப்போது படகின் பின்புறம் உட்கார்ந்து, சுற்றுலா வந்த பன்னிரண்டு விருந்தாளிகளின் மதியச் சாப்பாட்டுக்குப் பச்சை மீனை மெல்லிசாக அரிந்துகொண்டிருந்தாள். நான்கு தீவுப் பயணத்தில் அவன் ஓட்டுவான், அவள் சமைப்பாள்.

"தம்பி, அங்கே வெள்ளையா என்னமோ மிதக்குதே?"

கேட்டது லியென் டீச்சர். ஹனோயிலிருந்து வந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியும் கேள்வி கேட்பதிலிருந்து ஓய்வு பெறாதவர். கழுத்தில் பைனாகுலர் வேறு.

"தெர்மாகோல் டீச்சர்," என்றான் லுவான். "மீன் பண்ணையிலேர்ந்து அறுத்துக்கிட்டு வந்திருக்கும்."

சொல்லிவிட்டுப் படகை வலது பக்கம் ஒடித்தான். அப்படி ஒன்றும் பெரிய பொய் இல்லை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். சொன்னால்தானே அவன் முதலில் பார்த்தவன்? இன்றைக்கு இந்தக் கடலில் ஐம்பது படகு ஓடுகிறது. கல்யாணம் குறிக்காத எவனாவது ஒருவன் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகத்தீவில் எல்லோரும் மணலில் இறங்கித் தென்னைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். லுவான் நங்கூரத்தைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தான். தெற்கே தள்ளினால் பெரியவர் ஆழ்கடலுக்குப் போய்விடுவார், அங்கே அவருக்கு யாருமில்லை. வடக்கே தள்ளினால் படகுகளின் எஞ்சின் விசிறியில் அடிபடுவார். எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? அப்பாவின் முகம் வேறு வந்து வந்து போனது. அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பவளப்பாறைக்கு மேலே படகை நிறுத்தியபோதுதான் அது நடந்தது. விருந்தாளிகள் முகமூடி மாட்டிக்கொண்டு நீரில் குதித்தார்கள், அரை மணியில் ஒவ்வொருவராக ஏறினார்கள். லுவான் தலைகளை எண்ணினான். பன்னிரண்டு. எஞ்சினை முடுக்கினான்.

"நிறுத்து," என்றாள் துயென். அவள் கத்தவில்லை, அதனால்தான் அவன் கை உடனே நின்றது. "டீச்சர் இன்னும் ஏணியிலதான் இருக்காங்க."

அவன் தன்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறான். பதினைந்து வருடத்தில் முதல் முறை. டீச்சர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று மற்றவர்களைச் சமாதானப்படுத்தினார். லுவான் தலைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

துயென் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அவனிடம் வந்தாள். "என்ன ஆச்சு உனக்கு? காலையிலேர்ந்து ஒரு மாதிரி இருக்கே. கல்யாண பயமா? இப்பவே சொல்லிடு, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு அடியில், உதடு அசையாமல் சொன்னான். "அது தெர்மாகோல் இல்லை."

அவளுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் கோயில் தலைவரின் மகள், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முகத்தில் இருந்த கிண்டல் வடிந்தது.

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்லை."

துயென் கடலுக்கு மேலே ஓடும் கேபிள் காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே ஆட்களை நிரப்பிக்கொண்டு பெட்டிகள் வரிசையாக அன்னாசித் தீவுக்குப் போயின.

"அப்ப அது தெர்மாகோல்தான்," என்றாள். "நீ டீச்சர்கிட்ட சொல்லிட்டே இல்ல? அப்படியே இருக்கட்டும். எனக்கு இதுக்கு மேல பொறுமை கிடையாது லுவான். நாலு வருஷம் நான் கல்யாணத் துணியை மடிச்சு மடிச்சு வெச்சிருக்கேன்."

அவன் தலையாட்டினான். அவன் கேட்க விரும்பியது அதைத்தான், கேட்ட பிறகும் காற்று எந்தப் பக்கம் என்றுதான் பார்த்தான். மதியம் அவள் பந்து மாதிரி முள் ஓடு கொண்ட கடல் முள்ளெலிகளை வெங்காயத்தாளும் வேர்க்கடலையும் போட்டுச் சுட்டாள். அதில் நாலு கருகின. எப்போதும் ஒன்றுகூடக் கருகாது. விருந்தாளிகள் பச்சை மீனையும் தேங்காய்த் துருவலையும் அப்பளம் போன்ற அரிசித் தாளில் சுருட்டித் தின்றுவிட்டுப் புகழ்ந்தார்கள். இவர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு மூலையில், தெற்குப் பக்கமே பார்த்தபடி, பட்டினியாக இருந்தார்கள்.

திரும்பும் வழியில் காற்று வடக்கே மாறியிருந்தது. தூரத்தில் மூன்று வேகப்படகுகள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஆட்கள் குனிந்து படம் எடுத்தார்கள். நெருங்கியபோது லுவானுக்குத் தெரிந்தது. ஒருவன் துடுப்பால் பெரியவரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். அவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? பெரியவரின் விலாவில் எஞ்சின் விசிறி கிழித்த புதுக்காயம் ஒன்று வெளுப்பாகத் தெரிந்தது. காலையில் அது இல்லை.

லுவான் எஞ்சினை அணைத்தான். துயெனின் பக்கம் திரும்பக்கூட இல்லை, திரும்பினால் தைரியம் போய்விடும். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான். முன்பக்கம் போய் மண்டியிட்டு மூன்று முறை விழுந்து வணங்கினான்.

"அந்தத் துடுப்பை எடுங்க," என்றான் வேகப்படகுக்காரனிடம். "அது எங்க அப்பா."

சிரிப்பு நின்றது. படகுகள் ஒவ்வொன்றாக விலகின.

"காலையில தெர்மாகோல்னு சொன்னீங்களே தம்பி," என்றார் லியென் டீச்சர் மெதுவாக.

"பொய் சொன்னேன் டீச்சர்."

டீச்சர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 

லுவான் நீரில் இறங்கி வாலில் கயிறு கட்டினான். உப்புநீரா கண்ணீரா என்று அவனுக்கே தெரியவில்லை, அழுகை மட்டும் நிற்கவில்லை. செத்தவருக்காக அழுதான், அப்பாவுக்காக அழுதான், எல்லாவற்றையும் விட அதிகமாக, சைகோனுக்குப் போகப்போகும் துயெனுக்காக அழுதான். மேலே ஏறி வந்தபோது அவள் படகின் பின்புறம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் அருகே போகவில்லை. ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு, துறைமுகத்துக்குப் போன் போட்டுச் செய்தி சொல்லிவிட்டு, ஆமை வேகத்தில் படகை ஓட்டினான். பின்னால் என்னவோ துணி கிழிகிற சத்தம் கேட்டது. சமையல் வேலை ஏதோ என்று நினைத்தான்.

துறைமுகத்தில் ஊரே கூடியிருந்தது. முரசு அடித்தது. துயெனின் அப்பா காங், கோயில் தலைவரின் நீள அங்கியோடு படித்துறையின் கடைசிப் படியில் நின்றார். ஐந்து நாளில் இதே அங்கியோடு பெண்ணை அனுப்பி வைக்க இருந்தவர்.

"முதல்ல பார்த்தது யாரு?" என்று முறைப்படி கேட்டார். லுவானின் தலைத்துண்டைப் பார்த்த பிறகும் கேட்டார், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"நான்தான் மாமா. காலையில எட்டரைக்கே பார்த்தேன். பயந்துபோய் மறைச்சிட்டேன். அதுக்குள்ள அவருக்குக் காயம் பட்டுடிச்சு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. காங் கையை உயர்த்தி அதை அடக்கினார். "பெத்த பிள்ளைங்க அப்பனைக் காக்க வெக்கிறது இன்னிக்கு நேத்தா நடக்குது? கொண்டு வந்து சேர்த்தே இல்ல. இறங்கி வா."

லுவான் இறங்கினான். அப்போதுதான் கூட்டத்தின் கண்கள் அவனைத் தாண்டிப் போனதைக் கவனித்தான். திரும்பிப் பார்த்தான்.

துயென் படகின் ஓரத்தில் நின்றாள். அரிசித் தாள்களை மூடி வைத்திருந்த வெள்ளை மல்துணியைக் கிழித்து, நெற்றியைச் சுற்றிக் கட்டி, இரண்டு முனையையும் முதுகில் தொங்கவிட்டிருந்தாள். ஈரம் சொட்டியது. அது மகள் கட்டுகிற கட்டு இல்லை, ஊரார் கட்டுகிற கட்டும் இல்லை. மாமனார் இறந்தால் மருமகள் கட்டுகிற கட்டு. அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தெரியும்.

முரசு அடிப்பவனே கையை நிறுத்திவிட்டான்.

"அதை யாரும்மா கட்டிவிட்டது?" காங் கேட்டார்.

"நானேதான் கட்டிக்கிட்டேன்ப்பா." துயென் எல்லோர் முன்னாலும் லுவானைப் பார்த்துச் சொன்னாள், "மூணு வருஷம் என்ன, எவ்வளவுன்னாலும் இருக்கட்டும். இனிமே யாரும் எனக்கு நாள் குறிக்க வேண்டாம்."

 படகிலிருந்து அவள் இறங்க லுவான் கையை நீட்டினான். அவள் இறங்கி, வழக்கம்போல, ஆண்களுக்கு இரண்டடி பின்னால் பெண்கள் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

காங் மகளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோயில் தலைவரின் குரலில், கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னார்.

"மூத்த மருமக எதுக்குப் பின்னால போய் நிக்கறா? புருஷன் பக்கத்துல வந்து நில்லும்மா. அப்பாவைத் தூக்கணும்."