வெர்னாவின் தொப்பி

நெவாடா மலையில் ஹெலிகாப்டர் வைத்துத் துரத்திப் பிடித்த காட்டுப் பெட்டைக்குதிரை அது. எங்கள் காப்பகத்துக்கு வந்த நாளிலிருந்து அதற்குப் புல் போட்டது நான், தண்ணீர் வைத்தது நான். ஆப்பிளை நீட்டினால் மட்டும் கல்லெறியக் கை ஓங்கியவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு ஓடும்.

நேற்று ஊரிலிருந்து வந்த என் தங்கை வெர்னா, வேலிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றாள். அந்தக் குதிரைச் சிறுக்கி தானாக வந்து அவள் தொப்பியை முகர்ந்தது!

"காட்டுல வளர்ந்ததுக்கு ஆப்பிள்னா என்னன்னு தெரியுமாக்கா? சும்மா உக்காரு, அதுவா வரும்."

"இன்னிக்கு வந்தவ எனக்குப் பாடம் எடுக்கிறியாடி?"

எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டு நாயும் அவள் காலடியில்தான் படுக்கும்.

இன்று காலை அவள் காப்பி போட உள்ளே போனதும், அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். குளம்புச் சத்தம் மெல்ல நெருங்கியது. என் பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

வெர்னா பார்க்கிறாளா என்று சட்டெனச் சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

குதிரை மிரண்டு வேலியோரம் ஓடிவிட்டது. ஜன்னலில் யாருமே இல்லை.