புளி தின்ற எஞ்சின் கூடு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் செய்யச் சொன்ன காரியத்தை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. கோயில் மணியை எப்படித் துலக்குவோமோ அப்படியே துலக்கச் சொன்னேன். புளியையும் உப்பையும் கெட்டியாகக் கரைத்து அப்பி, விடியும் வரை ஊற விடச் சொன்னதும் நான்தான். அப்பியது எங்கள் காரின் எஞ்சின் கூட்டின் மேல்.

அந்தக் காரை எங்கள் அப்பா 1964-ல் வாங்கினார். தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரின் கார் அது. ஆமை முதுகு போல வளைந்த ஃபோக்ஸ்வேகன். எஞ்சின் பின்பக்கம் இருக்கும். சமயநல்லூர் வட்டாரத்தில் அப்படி இன்னொன்று கிடையாது.

1970-ல் அப்பா படுக்கையில் விழுந்தபோது, கிணற்றுப் பங்கில் தகராறாகி, நானும் என் தம்பி கருத்தக்கண்ணனும் பேச்சை நிறுத்தியிருந்தோம். அவர் எங்கள் இருவரையும் குலசாமி கருப்பன் வாசலில் நிறுத்தி ஓர் ஏற்பாடு செய்தார். கார் மூன்று வருஷம் அண்ணன் வீட்டில், மூன்று வருஷம் தம்பி வீட்டில். மாசிச் சிவராத்திரியன்று காலையில் பங்காளிகள் முன்னிலையில் கை மாற வேண்டும். தருகிறவன் கருப்பன் அரிவாள் மேல் கை வைத்து, "வாங்குன மாதிரியே தாரேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாதவன் வீடு அதற்குப் பிறகு சாமி பெட்டி தூக்கக் கூடாது.

சாமி பெட்டி என்பது கருப்பனுடைய பட்டும் சலங்கையும் வைத்த மரப்பெட்டி. சிவராத்திரிப் பிற்பகலில் அதை எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குத் தோளில் சுமந்து போவோம். தாத்தா சுமந்தார், அப்பா சுமந்தார், பிறகு நான். நான் தெருவில் நடந்தால் ஆட்கள் எழுந்து நிற்பது என் நிலத்துக்காக இல்லை, அந்தத் தோளுக்காக.

1973-ல் நான் காரைக் கொடுத்தேன். 1976-ல் தம்பி திருப்பித் தந்தான். அன்று ஆரப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய், கைக்கண்ணாடியைக் காருக்கு அடியில் நீட்டி ஒரு மணி நேரம் குறை தேடினேன். ஒரு கீறல் கிடைக்கவில்லை. தம்பி வெயிலில் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த முறை அவனும் கண்ணாடி கொண்டு வருவான் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

அடுத்த முறை 1979 மாசி. அதற்கு ஐந்து மாதம் முன்னால் எஞ்சினில் எண்ணெய் கசிந்தது. என் மனைவி மாயக்காளின் தம்பி கண்ணுச்சாமி லாரி ஷெட் வைத்திருந்தான். அவன் எஞ்சினை இறக்கிப் பிரித்து, உள்பாகங்களை மூடியிருக்கும் உலோகக் கூட்டை மட்டும் இரண்டு பாதியாகப் பலகை மேல் வைத்தான். மங்கலான பொன்னும் பழுப்பும் கலந்த நிறம். எனக்கு அது அழுக்கேறிய பித்தளை மாதிரிதான் தெரிந்தது. தம்பி வீட்டுக்குப் போகிற பொருள் மினுமினுவென்று போக வேண்டும், அவன் தந்ததைவிட நான் தருவது ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் புளி வந்தது.

காலையில் போய்ப் பார்த்தால் புளி நுரைத்துப் பொங்கியிருந்தது. கழுவினோம். பொன்னிறம் போன இடமெல்லாம் கரிச்சாம்பல் நிறம். ஓரங்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி.

கண்ணுச்சாமி தலையைச் சொறிந்தான். "மச்சான், இது பித்தளை இல்ல போலருக்கே."

"இத நேத்துச் சொல்றதுக்கு என்ன?"

"லாரி எஞ்சினு பூராம் இரும்பு மச்சான். இந்தக் கருமம் என்னான்னு நான் கண்டேனா?"

மதுரையில் கேட்காத பட்டறை இல்லை. வெள்ளி பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்கள் சிலர். ஈயம் பூசலாம் என்றான் ஒருவன். தை பிறந்த பிறகுதான், கப்பலூர் தொழிற்பேட்டையில் முலாம் பட்டறை வைத்திருக்கும் பேச்சிமுத்து என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். விமானப்படையில் தரைவேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அவர் கூட்டின் ஒரு பாதியை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். "எம்புட்டு லேசா இருக்கு பாத்தீங்களா? இது மெக்னீசியம். நாங்க விமானச் சக்கரத்துல பாத்த உலோகம். கம்பெனியிலயே மருந்துல வேக வச்சு மேல ஒரு தோலு ஏத்தியிருக்கான். அந்தத் தோலத்தான் நீங்க உரிச்சுட்டீக. என்ன போட்டீங்க?"

"புளி."

"புளி மட்டுமா?"

"உப்பும்."

"பருப்பையும் போட்டிருந்தீங்கன்னா ரசமாச்சும் வச்சிருக்கலாம்."

கண்ணுச்சாமி சிரித்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

பழைய நிறத்தைக் கொண்டுவர முடியும் என்றார் பேச்சிமுத்து. ஆனால் மருந்து திருச்சியிலிருந்து வர வேண்டும். வந்து சேர்ந்தது சிவராத்திரிக்கு மூன்று நாள் முன்னால். வேலை அன்றே முடிந்தால்தான், மீதி இரண்டு நாளில் கண்ணுச்சாமி எஞ்சினைப் பூட்டிக் காரில் ஏற்ற முடியும். ஒரு நாள் தவறினால் கோயில் வாசலில் எஞ்சின் இல்லாத கார்தான் நிற்கும்.

போனதும் பேச்சிமுத்து எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "ஐயா, வெளிய நீங்க பெரிய மனுசரு. என் ஷெட்டுக்குள்ள நான் சொல்றதத்தான் கேக்கணும். எதையும் தொடக் கூடாது."

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. சரி என்றேன்.

முதலில் சோடாக்காரம் கரைத்த தண்ணீரில் கொதிக்க வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார். பிறகு புளி தின்ற இடங்களைக் கையாலேயே அரமும் கம்பி பிரஷும் போட்டுச் சுரண்டினார். மெஷினில் வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். சூடேறக் கூடாது என்று மட்டும் சொன்னார். சீவலும் தூளும் கீழே ஒரு தகரத் தட்டில் வெள்ளையாக விழுந்து குவிந்தன. முடிந்ததும் உள்ளறைக்கு மருந்து எடுக்கப் போனார்.

கண்ணுச்சாமி எப்போது பீடி பற்ற வைத்தான் என்று நான் கவனிக்கவில்லை. எங்கிட்டாவது போட வேண்டுமே என்று, கண்ணெதிரே இருந்த தகரத் தட்டில் போட்டான்.

அது நெருப்பு மாதிரி எரியவில்லை. உச்சிவெயிலை அள்ளி முகத்தில் எறிந்தது போல ஒரு வெள்ளை வெளிச்சம். கண்ணைத் திறக்க முடியவில்லை. தட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பலகை மேல் கூட்டின் இரண்டு பாதியும் இருந்தன. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது எனக்கு நினைவிருந்தது. தடவி எடுத்தேன். ஊற்ற ஓங்கினேன்.

மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. வாளி உருண்டு சுவரோரம் போய்க் கொட்டியது.

"தண்ணி ஊத்தாதீங்கய்யா! வெடிக்கும்! மணலு! மணலு!"

பேச்சிமுத்து மூலையில் இருந்த மணல் பெட்டியை அப்படியே இழுத்துக் கவிழ்த்தார். வெளிச்சம் மணலுக்குள் போய், கொஞ்ச நேரம் உள்ளேயே சிமிட்டி அடங்கியது. கண்ணுச்சாமி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

"அந்தத் தண்ணி விழுந்திருந்தா கூடும் இல்ல, ஷெட்டும் இல்ல, நாம மூணு பேரும் இல்ல," என்றார் பேச்சிமுத்து. பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். சிவந்திருந்தது. "அடிச்சதுக்கு மன்னிக்கணும்."

அப்பாவுக்குப் பிறகு என் மேல் கை வைத்தவர் அவர் ஒருவர்தான். "வேலையப் பாருங்க," என்றேன்.

கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் புகை படிந்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது ஒரு பிளாஸ்டிக் தொட்டி. ரப்பர் கையுறையை முழங்கை வரை ஏற்றிக்கொண்டார். "இந்த ஆசிட்டு கண்ணாடியத் திங்கும், எலும்பத் திங்கும். அங்கிட்டுப் போய் நில்லுங்க." ஐந்து நிமிஷம் முக்கி எடுத்தார். ஓடுகிற தண்ணீரில் அலசினார். பிறகு இரும்புத் தொட்டியில் கொதித்துக்கொண்டிருந்த ஆரஞ்சு நிற மருந்துக்குள் இரண்டு பாதிகளையும் கம்பியில் கட்டி இறக்கி மூடினார்.

"முக்கா மணி நேரம். கொதி அடங்கக் கூடாது. நடுவுல திறந்து பாக்கக் கூடாது."

சுவரில் கடிகாரம் இருந்தது. நான் உட்காரவில்லை. கண்ணுச்சாமி உள்ளே வராமல், நிலையில் ஒரு கையை வைத்தபடி, "நிறம் ஏறலைன்னா என்ன மச்சான் செய்யிறது?" என்றான். கோயில் வாசலில் பூசாரி அரிவாளை நீட்டுவதும், நான் கை வைக்காமல் நிற்பதும் கண் முன்னால் வந்து வந்து போனது.

மூடியைத் திறந்தார். கம்பியைப் பிடித்து மேலே தூக்கினார். ஆரஞ்சு நீர் வழிந்து இறங்க இறங்க, கீழிருந்து அந்த நிறம் வந்தது. மங்கலான பொன்னும் பழுப்பும். அப்பா காரைக் கொண்டுவந்த அன்று பின்கதவைத் திறந்து எங்களுக்குக் காட்டிய அதே நிறம்.

"வந்துருச்சு மச்சான்!" என்று கத்திக்கொண்டு கண்ணுச்சாமி உள்ளே ஓடி வந்தான்.

பேச்சிமுத்து ஒரு பாதியின் முன்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினார். கியர் பெட்டியோடு ஒட்டுகிற இடம். அங்கேதான் புளி கட்டியாகத் தங்கியிருக்கிறது. கையகலத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. அந்த இடம் மட்டும் கறுத்திருந்தது.

"நிறம் வரும், போன சதை வராது. வண்டி ஓடுறதுக்கு ஒண்ணும் செய்யாது. எஞ்சின இறக்குனாத்தான் கண்ணுல படும்."

திரும்பி வரும் வழியில் கண்ணுச்சாமி சொன்னான். "கொஞ்சம் பட்டி பூசி, மேல பழுப்பு பெயின்ட அடிச்சுப்பிடுவோம். பூட்டிப்பிட்டா எவன் மச்சான் பாக்கப் போறான்?"

"பூசாத. அப்படியே பூட்டு."

"பூசாம இருந்தா மட்டும் தெரியவா போகுது?"

"தெரியாதுல்ல. பெறகு எதுக்குப் பூசணும்?"

அப்போது நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன் என்று எழுதினால் அது பொய். யாருக்கும் தெரியாது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

சிவராத்திரியன்று காலை, பங்காளிகள் நாற்பது பேர் கோயில் வாசலில் கூடியிருந்தார்கள். தம்பி ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தான். நான் அன்று கூட்டிப் போன அதே ஆரப்பாளையத்துக்காரன். கையில் கண்ணாடி, டார்ச் லைட். காருக்கு அடியில் படுத்தான். பின்கதவைத் திறந்து பார்த்தான். விரலால் தடவினான். எஞ்சினை ஓட விட்டுக் காது கொடுத்தான். வெயில் ஏறியது. கண்ணுச்சாமி என் பின்னால் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்தான். "போன தடவ பாத்தத விட நல்லாருக்கு. எஞ்சின இறக்கி வேல பாத்திருக்காக. எண்ணெ கசியல. குறை ஒண்ணுமில்ல."

பூசாரி அரிவாளை இரண்டு கையாலும் ஏந்தி என் முன்னால் நீட்டினார். நான் கை வைத்தேன். இரும்பு சுட்டது. தம்பி சாவிக்காகக் கையை நீட்டியபடி என் வாயைப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் அவன் என்னிடமும் நான் அவனிடமும் பேசியது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். 1973-ல் நான் சொன்னேன், 1976-ல் அவன் சொன்னான். இரண்டு முறையும் அது உண்மையாக இருந்தது.

"வாங்குன மாதிரி..." என்று தொடங்கினேன். மீதி வரவில்லை. பூசாரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்குன மாதிரி இல்ல," என்றேன்.

கண்ணுச்சாமி, "மச்சான்!" என்று என் துண்டைப் பிடித்து இழுத்தான். நான் அசையவில்லை.

தம்பி மெக்கானிக்கைப் பார்த்தான். மெக்கானிக் கையை விரித்தான். பிறகு தம்பி என்னிடம் கேட்டான். "எங்கிட்டு இருக்கு குறை?"

"கியர் பெட்டி ஒட்டுற பக்கம். கையகலம் குழி விழுந்து கெடக்கு. எஞ்சின இறக்குனாத்தான் தெரியும்."

"என்னத்துனால?"

"புளி போட்டு வெளக்குனேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. "மணிக்குப் போடுற புளியவா?"

"ஆமா. மினுங்கணும்னு."

அவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கண்ணாடி வச்சும் தெரியாதத ஏன் சொன்ன?"

"கை அரிவாள் மேல இருக்குல்ல."

பூசாரி தொண்டையைச் செருமினார். பெட்டியைப் பற்றி அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "அப்பா வச்சது வச்சதுதான். பெட்டி இனி தம்பி வீட்டுக்கு." இன்னொருவர் தீர்ப்புச் சொல்லி அதை நான் கேட்டு நிற்பது எனக்கு வேண்டியதில்லை. சாவியை அவன் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நான் தெருவில் போகும்போது ஆட்கள் எழுந்தார்களா என்று நான் பார்க்கவில்லை.

பிற்பகல் மேளம் எங்கள் வாசலுக்கு வந்தது. மாயக்காள் பெட்டிக்கு மாலை போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். தம்பி குளித்து ஈர வேட்டியோடு வந்தான். ஒன்பது வருஷம் கழித்து எங்கள் வாசற்படியை மிதித்தான். பெட்டிக்கு முன்னால் குனிந்தவன் தூக்காமல் நின்றான். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கழுத்தைத் திருப்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"அண்ணே. எந்தத் தோளுல?"

"வலது தோளு. பூட்டு இருக்கிற பக்கம் கனம் கூட. அதக் கழுத்தோரமா வையி. இல்லாட்டி ஓடக்கரையில சரிஞ்சிரும்."

அவன் தூக்கினான். பெட்டி ஒருமுறை ஆடியது. நான் கை நீட்டினேன், அதற்குள் அவனே நிறுத்திக்கொண்டான். ஓடைக்கரை வரை நான் அவன் வலப்பக்கம், அரை அடி பின்னால் நடந்தேன்.