ஒன்று குறைத்து எழுதுபவள்

கப்பல் கேப்டன்கள் வேகத்தைப் பற்றி மட்டும் உண்மை பேச மாட்டார்கள். எட்டு வருடம் கப்பல்களை வழியனுப்பும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இதைத்தான். கொள்ளையர் உலவும் கடலைச் சரக்குக் கப்பல்கள் கூட்டமாகக் கடக்கும். காவலுக்கு ஒரு போர்க்கப்பல் போகும். மணிக்குப் பத்து கடல் மைல் ஓட முடியாத கப்பலுக்குக் கூட்டத்தில் இடமில்லை. அதனால் எல்லோரும் ஒன்று கூட்டிச் சொல்வார்கள். பட்டியல் தாளில் நான் ஒன்று குறைத்து எழுதுவேன். யாரும் வாய் திறந்ததில்லை.

ஒரு நாள் காலை தம்பி போன் செய்தான். அன்று கூட்டத்தோடு புறப்படவிருந்த ஒரு கிழட்டுக் கப்பலில் அவன் இன்ஜினியர்.

"அக்கா, எங்களுக்கு ஒன்பதுதான் வருது. கேப்டன் பத்துன்னு சொல்லப்போறாரு. நீ பாட்டுக்குக் குறைச்சுடாதே. தனியா விட்டா எங்க கதி அவ்வளவுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் பத்து என்றே எழுதினேன்.

மறுநாள் மதியத்துக்குள் அவன் கப்பல் பின்தங்கிவிட்டது. போர்க்கப்பல் கமாண்டர் ரேடியோவில் என்னைக் கேட்டார்.

"கடைசிக் கப்பலுக்கு உங்க தாள்ல என்ன வேகம் போட்டிருக்கு?"

"பத்து சார்."

"அப்போ வேணும்னேதான் ஆடி அசைஞ்சு வர்றாங்க. எட்டிப் பிடிக்கட்டும். ஒருத்தருக்காகப் பன்னிரண்டு கப்பலை நிறுத்த முடியாது."

பின்னால் மேலதிகாரி நின்றிருந்தார். இருந்தால் இருக்கட்டும்.

"சார், பத்து இல்லை. ஒன்பது. தெரிஞ்சேதான் எழுதினேன். என் தம்பி அதுல இருக்கான்."

கமாண்டர் உடனே எல்லாக் கப்பல்களுக்கும் உத்தரவு போட்டார். "எல்லாரும் ஒன்பதுக்கு இறங்குங்க."

ஒரு கேப்டன்கூட முணுமுணுக்கவில்லை. ஐந்து பேர் நன்றியே சொன்னார்கள். அவர்களுக்கெல்லாம் நான் ஒன்று குறைத்தது போதவில்லை போலிருக்கிறது.

மேலதிகாரி அன்றே என்னைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார். வருத்தமில்லை என்றால் அது பொய். அழுதேன்.

நான்காம் நாள் கரை சேர்ந்ததும் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, திட்டாதே. எங்களுக்கு ஒன்பதும் வரலை. எட்டரைதான்."

"அடப்பாவி! என்கிட்டயே அரை கூட்டினியா? அப்புறம் எப்படிடா கூட்டத்தோட வந்தே?"

"மறுபடியும் பின்தங்கினோம். கமாண்டர் எங்களை ஒரு வார்த்தை கேக்கலை. 'எங்க இன்ஜின்ல கோளாறு, எல்லாரும் எட்டரைக்கு வாங்க'ன்னு தன் கப்பல் மேல பழியைப் போட்டுக்கிட்டாரு."

"நிஜமாவே கோளாறா இருக்குமோ?"

"எங்களைத் துறைமுகத்துல விட்டுட்டு அந்தப் போர்க்கப்பல் திரும்பினதைப் பாத்தேனே, அக்கா. பறந்து போச்சு."