ஷூவுக்குள் கிடந்த பொத்தான்

...பதினாறு, பதினேழு... இருபது எண்ணும்வரை சோப்பு நுரையில் கையைத் தேய்க்கணும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள், எண்ணுவது வேறு யாரோ போல இருக்கிறது இவளுக்கு, பயமாவது வருகிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை, மனசு மரத்துப்போய் நாளாயிற்று. கட்டிலில் புருஷன், கல்லுளிமங்கன், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலது காலை நீட்டியிருக்கிறார், முப்பது வருஷம் லாரி ஓட்டிய கால், சர்க்கரை வந்தபின் அதில் உணர்ச்சியே இல்லை, அது தெரியாமல் முதல் நாள் இவள் கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் புண்ணில் கவிழ்த்தாளே, எரிந்தால்தானே மருந்து என்று... மனுஷன் முனகக்கூட இல்லை, என்ன தைரியம் என்று இவளுக்குப் பெருமை வேறு. "சதையையே வேக வெச்சிட்டீங்களேம்மா, சலைன் மட்டும் போதும்" என்று நர்ஸ் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். பழைய கட்டுத்துணியை நனைத்து நனைத்துப் பிரிக்கிறாள், பெருவிரலடியில் குழி, பொத்தான் அளவில் ஆரம்பித்தது, பொத்தானால்தான் ஆரம்பித்தது, அது இவளுக்கு மட்டும்தான் தெரியும். "சட்டைப் பொத்தான் கழண்டு தொங்குது, தச்சுக் குடேன்" என்று மூன்று நாள் கேட்டார், நாளைக்கு நாளைக்கு என்றாள், அது ஷூவுக்குள் விழுந்து, விழுந்ததே தெரியாமல் பகலெல்லாம் மிதித்து ஓட்டியிருக்கிறார். ஷூவை உதறியபோது கிடைத்தது, ஊசி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. இதற்காவது அழுகை வர வேண்டாமா?

நாளைக்கு டாக்டர் பார்ப்பார், கருப்பு ஏறியிருந்தால் விரலை எடுத்துவிடுவார்கள், அப்புறம் லாரி ஏது... ஓரத்தில் தெரிவது கருப்பா, நிழலா? சலைனில் நனைத்த துணியை எடுக்கிறாள். "தெரியுதாங்க?" பத்து நாளாய் இதே கேள்வி, பத்து நாளாய் "இல்ல" என்ற ஒரே பதில்.

"ம்... தெரியுது. லேசா எரியுது."

இவள் கை அந்தரத்தில் நிற்கிறது. துணி இன்னும் புண்ணைத் தொடவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே, யாருக்காக, டாக்டர் குத்திப் பார்த்தால் குட்டு உடைந்துவிடாதா, டாக்டருக்காக இல்லை, இவளுக்காகத்தான்... "நல்லதுங்க" என்கிறாள், துடைக்கிறாள், நடுவிலிருந்து வெளியே, ஒரு துடைப்புக்கு ஒரு புதுத் துணி, நர்ஸ் சொன்னபடியே. சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தாலும் வீட்டைத் தலைகீழாக்கித் தேடுகிற மனுஷன், அது எங்கே போச்சு என்று இந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே...