மூன்று விரல் உயரம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குளியலறைக்கு அவரே போய் வர வேண்டும். அம்மாவோ நானோ தூக்கக் கூடாது.

வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. சக்கர நாற்காலி வாங்கினோம். குளியலறை வாசல்படியை எடுத்துவிட்டு, வழுக்கும் பழைய டைல்ஸை உடைத்து, சொரசொரப்பான டைல்ஸ் பதிக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் சாவியைக் கொடுத்தோம். பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம்.

அப்பா வருவதற்கு முந்தின நாள் அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். குளியலறைத் தரை எழும்பியிருந்தது.

"பழசை உடைக்கலையா?" என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"எதுக்கும்மா? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு. அது மேலேயே கலவை போட்டு ஒட்டிட்டேன். உங்களுக்குத் தூசித் தொல்லை மிச்சம்."

"படி இருக்கே."

"படியா? அதை அன்னைக்கே பேத்துட்டேன். இது தரைம்மா!"

விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று விரல் உயரம். அம்மா கத்தினாள். "உங்க வீட்டு மனுஷனா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா அண்ணே?"

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. சின்னதா ஒரு சரிவு போட்டுடறேன். வண்டி ஜம்முனு ஏறும்."

அந்த உயரத்துக்கு இரண்டடிச் சரிவாவது வேண்டும். மிச்சமிருந்த கலவைக்கு ஒரு சாண்தான் வந்தது. நான் வாயெடுப்பதற்குள் கரண்டியைக் கழுவிவிட்டார். அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை. வேறொரு கொத்தனார் வந்து பார்த்தார். "இப்போ உடைச்சா அடியில இருக்கிற குழாயும் சேர்ந்து போகும். சரிவை நீட்டினா அறைக் கதவைத் திறக்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார்.

அப்பா மூன்று முறை முயன்றார். முன்சக்கரம் ஏறும், பின்சக்கரம் நிற்கும். மூன்றாவது முறை நாற்காலி பின்னால் உருண்டு கட்டிலில் இடித்தது. அம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"விடு" என்றார். பிறகு, "அந்தக் கொத்தனாருக்கு ரெண்டு கால் இருக்குல்ல. தெரிஞ்சிருக்காது."

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மதியம் அம்மா டம்ளரை நிரப்பினாள். அப்பா முக்கால்வாசியைச் சொம்பில் திருப்பி ஊற்றினார்.

"இந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருந்தா எப்படிங்க?"

"தாகமில்லை" என்று குளியலறை வாசலைப் பார்த்தார்.

"சிறுநீரகம் கெட்டுடும்ப்பா" என்றேன்.

"தெரியும்மா."

இப்போது மாத்திரையைக்கூட வெறும் வாயில்தான் விழுங்குகிறார்.